இரண்டு நெட்வொர்க் கார்டு, எது எந்தப் பெயர்? லினக்ஸில் கண்டுபிடித்து நிலைக்க வைக்கும் வழி

கணினியில் ஒரே ஒரு நெட்வொர்க் கார்டு இருக்கும்வரை அதன் பெயரை யாரும் கவனிப்பதில்லை. இரண்டாவதைச் செருகியதும்தான் சிக்கல்: இன்டர்நெட் கேபிள் எதில் இருக்கிறது, உள் நெட்வொர்க் கேபிள் எதில்? பயர்வால் விதியைத் தவறான கார்டின் பெயரில் எழுதிவிட்டால், மூடியிருக்க வேண்டிய பக்கம் திறந்து கிடக்கும். அதனால் பெயர் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டே வேலையை ஆரம்பிப்போம்.

படி 1: கார்டு தெரிகிறதா?

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுங்கள். ஈதர்நெட் கன்ட்ரோலர் என்ற வரிகளின் தொடக்கத்தில் 03:00.0 போல ஓர் எண் இருக்கும். 03 என்பது பஸ் (கார்டுகள் இணையும் உள் பாதை), 00 என்பது அந்த பஸ்ஸில் உள்ள இடம், புள்ளிக்குப் பின்னால் வருவது ஃபங்ஷன் (ஒரே கார்டுக்குள் உள்ள தனிப் பகுதி). இரண்டு போர்ட் உள்ள கார்டு பெரும்பாலும் 03:00.0, 03:00.1 என்று இரண்டு வரிகளாகத் தெரியும்.

கணினி கிளம்பும்போது பிசிஐ பஸ்ஸில் ஒவ்வொரு இடமாக விசாரிக்கப்படுகிறது. அங்கே இருக்கும் கார்டு, தயாரிப்பாளர் எண், சாதன எண் என்ற இரண்டு 16 பிட் எண்களைத் திருப்பிச் சொல்லும். எந்த டிரைவரின் (கார்டை இயக்கும் மென்பொருளின்) பட்டியலில் அந்த எண்கள் இருக்கின்றனவோ, அந்த டிரைவரை லினக்ஸ் ஏற்றுகிறது. கார்டு எல்எஸ்பிசிஐயில் தெரிந்தும் 'ஐபி லிங்க்' கட்டளை காட்டும் நெட்வொர்க் பட்டியலில் வரவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் டிரைவரிலோ ஃபர்ம்வேரிலோதான் (வன்பொருளுக்குள் ஓடும் மென்பொருள்). கார்டைக் கழற்றி மாட்டிப் பார்ப்பதற்கு முன் அதைக் கவனியுங்கள்.

படி 2: இரண்டு முறை வைக்கப்படும் பெயர்

டிரைவர் தயாரானதும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் முதலில் ஈத்0, ஈத்1 என்று வரிசையாகப் பெயர் தருகிறது. எந்தக் கார்டு முதலில் பதிவாகிறதோ அதற்கு 0. டிரைவர்கள் ஒரே நேரத்தில் ஏறுவதால் இந்த வரிசை ஒவ்வொரு முறையும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. இன்று ஈத்0 ஆக இருப்பது நாளை ஈத்1 ஆகலாம்.

இதைத் தீர்க்கத்தான் 2013 ஜனவரியில் வெளிவந்த சிஸ்டம்டி 197இல் (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) புதிய முறை வந்தது. அதன் யூடெவ் என்ற பகுதி, கார்டு எங்கே பொருந்தியிருக்கிறது என்று பார்த்துப் பெயரை மாற்றி வைக்கிறது. 'டிமெசேஜ்' (டிஎம்இஎஸ்ஜி) கட்டளை காட்டும் கெர்னல் பதிவில் 'ரீநேம்டு ஃப்ரம் ஈத்0' என்ற வரியைத் தேடுங்கள். இந்த மாற்றம் கண்ணெதிரே தெரியும்.

படி 3: பெயரைப் படிப்பது

தொடக்கத்தில் 'இஎன்' இருந்தால் ஈதர்நெட், 'டபிள்யூஎல்' இருந்தால் வைஃபை. மதர்போர்டிலேயே உள்ள போர்ட்டுக்கு ஃபர்ம்வேர் எண் தந்திருந்தால் இஎன்ஓ1. ஸ்லாட் எண் கிடைத்தால் இஎன்எஸ்1. இரண்டும் இல்லையென்றால் பஸ்ஸும் இடமும் சேர்ந்த இஎன்பி3எஸ்0. இரட்டைப் போர்ட் என்றால் கடைசியில் எஃப்0, எஃப்1 சேரும். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளில் யுஎஸ்பி கார்டுகளுக்கு 'இஎன்எக்ஸ்' என்று தொடங்கி முழு மேக் முகவரியும் (கார்டுக்குத் தயாரிப்பாளர் தந்த தனி எண்) பெயராகிவிடும்.

ஒன்றைக் கவனியுங்கள். எல்எஸ்பிசிஐ எண்களைப் பதினாறடிமான முறையில் (9க்குப் பின் ஏ, பி என்று போகும்; ஏ என்றால் 10) காட்டுகிறது, பெயரிலோ சாதாரண எண் வருகிறது. அதனால் 0ஏ:00.0 என்ற கார்டு இஎன்பி10எஸ்0 ஆகும்.

இந்தப் பெயரும் முழுக்க நிலையானதல்ல. புதிய கிராபிக்ஸ் கார்டையோ எஸ்எஸ்டியையோ செருகினால் பஸ் எண்கள் நகரலாம். இஎன்பி3எஸ்0 என்பது இஎன்பி4எஸ்0 ஆகிவிடும். நேற்றுவரை வேலை செய்த நெட்வொர்க் இன்று செத்துக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 4: எந்த போர்ட் எது?

'ஈத்டூல் மைனஸ் பி' என்று கொடுத்துப் பக்கத்தில் கார்டின் பெயரைப் போட்டால், அந்த போர்ட்டின் விளக்கு மினுக்கும். டிரைவர் இதற்கு ஒத்துழைக்கவில்லையா? ஒரு கேபிளைப் பிடுங்கிவிட்டு 'ஐபி லிங்க்' பாருங்கள். எந்த வரியில் 'நோ-கேரியர்' வந்ததோ அதுதான்.

படி 5: நீங்களே பெயர் வைப்பது

இரண்டு கார்டு வைத்திருக்கும் எவரும் இதைச் செய்துவிடுவது நல்லது என்பேன். இடிசி கோப்புறைக்குள் சிஸ்டம்டி, அதற்குள் நெட்வொர்க். அங்கே '10-' என்று தொடங்கி '.லிங்க்' என்று முடியும் கோப்பு ஒன்றை உருவாக்குங்கள். 'மேட்ச்' பகுதியில் 'பெர்மனென்ட் மேக் அட்ரஸ்' அமைப்புக்குக் கார்டின் மேக் முகவரி. 'லிங்க்' பகுதியில் 'நேம்' அமைப்புக்கு லான்0 (உள் நெட்வொர்க்), வான்0 (இன்டர்நெட்) போன்ற பெயர். கார்டு பழுதானால் அதே ஸ்லாட்டில் வேறு கார்டைப் போட்டாலும் பெயர் மாறக்கூடாது என்றால், மேக்குக்குப் பதில் 'பாத்' அமைப்பில் பிசிஐ இடத்தைக் கொடுங்கள்.

பெயர் 15 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஈத்0 என்று மட்டும் வைக்காதீர்கள். கெர்னல் தரும் பெயரோடு மோதும்.

அப்புறம், மறுதொடக்கத்துக்கு முன் இரண்டு வேலை. ஐபி அமைப்புக் கோப்பிலும் பயர்வாலிலும் பழைய பெயரைப் புதியதாக மாற்றுங்கள். தொலைவிலிருந்து வேலை செய்பவர் இதை மறந்தால் இணைப்பு அறுந்து, கணினிக்கு நேரில்தான் போக வேண்டியிருக்கும். டெபியன், உபுண்டுவில் கணினி கிளம்பும்போது முதலில் ஏறும் கோப்புத் தொகுப்பைப் புதுப்பிக்கும் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் மைனஸ் யு' கட்டளையையும் ஓட்டுங்கள். இல்லையென்றால் தொடக்க நிலையிலேயே பழைய விதிப்படி பெயர் விழுந்துவிடலாம்.

விண்டோஸில்

அங்கே ஈதர்நெட், ஈதர்நெட் 2 என்று பெயர் வரும். கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் பழைய பதிவு மறைவாகத் தங்கி, புதிதாக ஈதர்நெட் 2 முளைக்கும். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால், மங்கலாகத் தெரியும் பழைய பதிவை நீக்கிவிடலாம். பெயரை மாற்ற, நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் கார்டின் மேல் ரைட் கிளிக் செய்து ரீநேம் கொடுத்தால் போதும். விண்டோஸ் உள்ளுக்குள் ஒவ்வொரு கார்டுக்கும் தனி அடையாள எண் வைத்திருப்பதால், பெயரை மாற்றினாலும் ஐபி அமைப்புகள் கலையாது.