தாமதமாக வரும் ஸ்பீடிங் நோட்டீஸ்: பாயின்ட்ஸைக் கூட்டிவிடும் தவறுகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஸ்பீட் கேமராவில் மாட்டினால், வழக்குத் தொடரப்போவதாகச் சொல்லும் நோட்டீஸ் 14 நாளுக்குள் வர வேண்டும். மார்ச் 3 அன்று மாட்டினால், மார்ச் 17 கடைசி நாள். இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள், 20ஆம் தேதி வந்த கடிதத்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

அங்கேதான் வினை. கூடவே, வண்டியை ஓட்டியது யார் என்று கேட்கும் படிவம் இருக்கும். நோட்டீஸ் தாமதமானாலும் இதற்கு 28 நாளுக்குள் பதில் தந்தே ஆக வேண்டும். சாதாரண ஸ்பீடிங்குக்கு 100 பவுண்ட் அபராதமும், லைசென்ஸில் ஏறும் தண்டனைப் புள்ளிகளான பாயின்ட்ஸ் 3ம்தான். பதில் தராவிட்டால் 6 பாயின்ட்ஸ், 1000 பவுண்ட் வரை அபராதம். லைசென்ஸ் எடுத்து 2 வருடம் ஆகாதவர்களுக்கு 6 பாயின்ட்ஸ் வந்தால் லைசென்ஸே போய்விடும். தியரி, பிராக்டிகல் தேர்வுகள் இரண்டும் மறுபடி. படிவத்தை நிரப்பி, கையெழுத்திட்டு, நகல் எடுத்து, தபால் நிலையத்தில் அனுப்பிய சான்று வாங்குங்கள். தாமதம் பற்றிய வாதம் அதன் பிறகு.

அந்த வாதமும் எல்லோருக்கும் எடுபடாது. 14 நாள் கணக்கு முதல் நோட்டீஸுக்குத்தான். அது வண்டியின் பதிவுச் சான்றான லாக் புக்கில் பெயர் உள்ளவருக்குப் போகும். லீஸ் வண்டி, கம்பெனி வண்டி என்றால் முதலில் கம்பெனிக்குப் போகும். அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்த பின் வருவது ஒரு மாதம் கழித்து வந்தாலும் செல்லும். முதல் கடிதம் எந்தத் தேதியில் வந்தது என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். வீடு மாறியும் லாக் புக்கில் முகவரியை மாற்றவில்லை என்றால், தாமதம் உங்கள் தலையில்தான் விழும். போலீஸ் அந்த இடத்திலேயே நிறுத்தி எச்சரித்திருந்தால் 14 நாள் விதியே கிடையாது.

ஸ்பீட் அவேர்னஸ் வகுப்புக்கு அழைப்பு வந்தால் அவசரப்பட்டு மறுக்காதீர்கள். கட்டணம் உண்டு, பாயின்ட்ஸ் இல்லை. பொதுவாக மணிக்கு 30 மைல் வேக வரம்புள்ள சாலையில் 35 முதல் 42 வரை போனவர்களுக்கு, 3 வருடத்துக்குள் அந்த வகுப்புக்குப் போகாதிருந்தால் தருவார்கள். தேதிக்கான ஆதாரம் கையில் உறுதியாக இல்லாவிட்டால் இதுவே நல்ல வழி. ஏற்றுக்கொண்டு முடித்துவிட்டால், தாமதத்தைக் காட்டி வாதாட முடியாது.

மனைவி பெயரையோ நண்பர் பெயரையோ எழுதிக் கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். முன்னாள் அமைச்சர் கிறிஸ் ஹூனின் பாயின்ட்ஸை 2003இல் மனைவி ஏற்றார்; 2013இல் இருவருக்கும் தலா 8 மாதச் சிறை.