பெருநாள் சரக்குப் போடும் தம்பிமாருக்கு: ஏப்ரலை மறந்துவிடுங்கள்

ரமழான் நோன்பு மாதம் நெருங்கினால் கொழும்புப் புறக்கோட்டையில் புதுக் கடைகள் முளைக்கும். பேஸ்புக்கில் விற்கிற பிள்ளைகள், இரண்டாம் குறுக்குத் தெருவில் அரைக்கடை வாடகைக்கு எடுத்தவர்கள், தெமட்டகொடையில் வீட்டு ஹாலிலேயே அபாயா (முஸ்லிம் பெண்கள் உடுக்கும் நீள அங்கி) தொங்கவிட்டவர்கள் என்று வருடாவருடம் புது முகங்கள். சாயம் போகிறதா, தையல் நிற்கிறதா என்று பார்க்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் காசைத் தொலைப்பது திகதியில். நான் பார்த்த தவறுகள் இவை.

பெருநாளுக்கு ஒரு மாதத்தை ஒதுக்கிவைப்பது

‘பெருநாள் என்றால் ஏப்ரல்’ என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். 2023இல் நோன்புப் பெருநாள் ஏப்ரல் 22. சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒரு வாரம். 2024இல் புத்தாண்டுக்குச் சில நாள் முன்னால். இரண்டு வருடமும் இரண்டு கூட்டமும் ஒன்றாக வந்ததில் பிரதான வீதியில் நடக்க இடமில்லை. அந்த நேரம் தொழிலுக்கு வந்தவர்கள் மனதில் ‘ஏப்ரல் சீசன்’ என்று பதிந்துபோயிற்று.

அப்படி ஒரு தம்பி. 2026க்கான அபாயா, பிள்ளைகளின் கவுன் எல்லாவற்றுக்கும் குவாங்சோ ஏஜென்டிடம் ஜனவரி பிறந்த பிறகு ஓடர் கொடுத்தார். சீனப் புத்தாண்டு அந்த வருடம் பெப்ரவரி 17. வேலையாட்கள் அதற்கு முன்பே ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், திரும்பிவர மார்ச் ஆகும். இங்கே நோன்பு தொடங்கியதும் அதே அமாவாசையை ஒட்டித்தான். கொன்டெய்னர் துறைமுகத்துக்கு வந்தபோது பெருநாள் முடிந்திருந்தது. திகதி போட்டுக் கொடுத்த செக்குகள் மட்டும் சொன்ன நாளில் வங்கிக்குப் போயின. கவுன்களை அவுருதுக்கு, அதாவது சித்திரைப் புத்தாண்டுக்கு, பாதி விலையில் தள்ளினார். அபாயாவை அவுருதுக்கு யாரிடம் விற்பது?

பிறகு கடைக்கு வந்து என்னிடம் கேட்டார்: “நானா, வெசாக்கும் பிறைக் கணக்குத்தானே, அது மே மாசத்த விட்டுப் போறதில்லயே?”

வெசாக் பௌத்தர்களின் பௌர்ணமிப் பண்டிகை. நல்ல கேள்வி. சரக்குப் போட முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. பிறை மாதங்கள் பன்னிரண்டைக் கூட்டினால் 354 நாள், சில வருடம் 355. சூரிய ஆண்டுக்குப் பதினொரு நாள் குறைவு. பௌத்தக் கணக்கிலும் சீனக் கணக்கிலும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஒரு மாதத்தை அதிகமாகச் சேர்த்து அந்தக் குறையை நிரப்பிவிடுகிறார்கள். அதனால் வெசாக் மே மாதத்தை ஒட்டியே நிற்கிறது, சீனப் புத்தாண்டு ஜனவரி கடைசிக்கும் பெப்ரவரி பிற்பகுதிக்கும் இடையில் நிற்கிறது. நமக்கு அந்த வழி இல்லை. மாதங்கள் பன்னிரண்டுதான் என்று குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயம் சொல்கிறது, மாதத்தை முன்பின் தள்ளுவதை அதற்கடுத்த வசனமே கண்டிக்கிறது. ஆகவே பெருநாள் ஒவ்வொரு வருடமும் முன்னால் நகரும். எல்லாப் பருவத்தையும் சுற்றிப் பழைய இடத்துக்கு வர ஏறத்தாழ 33 வருடம்.

2027இலும் 2028இலும் நோன்பும் சீனப் புத்தாண்டும் ஒரே அமாவாசையை ஒட்டித்தான் வரும். 2029இல் இன்னும் மோசம்: சீனப் புத்தாண்டு பெப்ரவரி 13, நம் பெருநாள் அதற்கு அடுத்த ஓரிரு நாளில். தொழிற்சாலை மூடும் நேரமும் நம் கடைசி வாரமும் ஒன்று. சரக்கு டிசம்பரிலேயே கொழும்பில் இறங்கியிருக்க வேண்டும். கப்பலுக்கும் சுங்கத்துக்கும் சேர்த்து ஒரு மாதத்தைத் தனியாக வையுங்கள். ஏஜென்ட் ‘சைனீஸ் நியூ இயருக்கு முன்னம் தாறோம்’ என்றால், ஏற்றும் திகதியை எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சவூதித் திகதியைப் போஸ்டரில் அடிப்பது

பிறை தென்பட்டதா என்று கொழும்பு பெரிய பள்ளிவாசலில் கூடி அறிவிக்கும் வரை இங்கே திகதி கிடையாது.

முப்பதாம் நோன்பை நம்பியிருப்பது

29ஆம் நோன்பு மாலை பிறை தென்பட்டால் விடிந்தால் பெருநாள். தென்படாவிட்டால் இன்னொரு நாள் வியாபாரம் கையில். புதியவர்கள் அந்த இன்னொரு நாளையும் வரவில் எழுதிவிடுகிறார்கள். தையல்காரரிடம் 28க்குள் உடுப்பு வரவேண்டும் என்று சொல்லுங்கள், கடைப் பையன்களுக்கு 29 இரவுச் சம்பளத்தை எடுத்துவையுங்கள்.

‘குளிர்கால நோன்பு குறுகியது’ என்று நம்புவது

அது லண்டன்காரருக்கு. கொழும்பில் மஃரிப், அதாவது நோன்பு திறக்கும் நேரம், வருடம் முழுக்க ஆறு மணிக்கு முன்பின்தான். கூட்டம் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்துதான் வரும்.

மழையைப் பழைய நினைவில் பார்ப்பது

2013 முதல் 2016 வரை பெருநாள் ஜூலை, ஓகஸ்ட்டில் வந்தது, தென்மேல் பருவமழைக் காலம். ஏப்ரலில் வந்தபோது பின்னேரத்து இடி மழை. பெப்ரவரியில் கொழும்பு பெரும்பாலும் காய்ந்திருக்கும். இனிச் சில வருடம் நடைபாதையில் துணி விரிக்கலாம், தார்ப்பாய்க்குப் போடும் காசை மின்விசிறிக்குப் போடுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளைக் கணக்கில் சேர்க்காதது

உங்கள் ஏப்ரல் சீசன் திரும்பி வரும், ஆனால் வேறு பெருநாளோடு. 2030இல் ஹஜ்ஜுப் பெருநாள் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருகிறது. அதே வருடம் தலைநோன்பு (முதல் நோன்பு) இரண்டு தடவை: ஜனவரி முதல் வாரத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று. இரண்டாவது கிறிஸ்துமஸ் சரக்கோடு மோதும். புறக்கோட்டையில் கோடவுன் கிடைக்காது, 2030 பாதியிலேயே பேசிவையுங்கள்.