காபரேற்றர் காருக்குப் பெற்றோல் பைப் இழுப்பது எப்படி? திருகோணமலை வெயிலுக்கு ஏற்ற செய்முறை

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இங்கே அடிக்கடி சொல்லும் குறை ஒன்றுதான்: "ஓடும்போது நல்லா ஓடுது. உப்புவெளியில தேத்தண்ணிக்கு நிப்பாட்டிட்டு வந்தா ஸ்டார்ட் வருதில்லை." உடனே காபரேற்றரை (பெற்றோலைக் காற்றோடு கலந்து இயந்திரத்துக்குக் கொடுக்கும் பாகம்) கழற்றுவார்கள். ஜெட், ஊசி, மிதவை எல்லாம் மேசைக்கு வரும். பல கார்களில் குற்றவாளி அதுவல்ல, பெற்றோல் வரும் வழி. பைப் எக்ஸோஸ்டை (புகைக்குழாய்) உரசிக்கொண்டு போகும், ரப்பர் ஓஸ் முழக்கணக்கில் தொங்கும், பில்ற்றர் மனிபோல்டுக்கு (இயந்திரத்திலிருந்து புகை வெளியேறும் சூடான பாகம்) மேலே குளிர்காயும். வழியைச் சரிசெய்தால் காபரேற்றரில் கை வைக்கவே தேவை வராமல் போகலாம்.

உதாரணத்துக்கு எம்.ஜி.பி. என்ற பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொள்கிறேன். 1962 முதல் 1980 வரை வந்த கார், 1798 சிசி இயந்திரம், பெரும்பாலானவற்றில் எஸ்.யு. என்ற தயாரிப்பின் இரட்டைக் காபரேற்றர், பின்பக்கம் எஸ்.யு. மின் பம்ப். மிட்ஜெட், ஸ்பிட்பயர் வைத்திருப்பவர்களும் இதையே பின்பற்றலாம். ஸ்பிட்பயரிலும் சில மிட்ஜெட்களிலும் பம்ப் முன்னால், இயந்திரத்தோடு ஒட்டியிருக்கும். அந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

வெயில் என்ன செய்கிறது?

தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும் என்பதுபோலப் பெற்றோலுக்கு ஒரே ஒரு கொதிநிலை கிடையாது. அது பல பொருட்களின் கலவை. அதில் இலகுவானவை 40 பாகையை அண்டினாலே ஆவியாகத் தொடங்கிவிடும். கச்சான் வீசும் மாதங்களில் எங்கள் ஊரில் நிழலிலேயே 35 பாகையைத் தொடும். பொனற்றுக்கு அடியில் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். ஓடும்போது காற்றும், புதிதாக வந்துகொண்டிருக்கும் பெற்றோலும் பைப்பைக் குளிரவைக்கும். நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும். இயந்திரத்தின் சூடு மேலே எழுந்து பைப்பில் நிற்கும் பெற்றோலைக் கொதிக்கவைக்கும். பைப்புக்குள் ஆவிக்குமிழ் அடைத்துக்கொள்ளும். அப்புறம் என்ன, சாவியைத் திருப்பித் திருப்பிப் பற்றரி இறங்குவதுதான் மிச்சம்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அழுத்தம் குறைந்தால் எந்தத் திரவமும் சீக்கிரம் கொதிக்கும். பம்ப் முன்னால் இருந்தால் முழு நீளத்துக்கும் பெற்றோலை உறிஞ்ச வேண்டும், அதாவது அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். பம்ப் பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் இருந்தால் தள்ளும், அழுத்தம் கூடும், கொதிப்பது தள்ளிப்போகும். எம்.ஜி.பி.யில் பம்பைப் பின்னால் வைத்தது எங்கள் வெயிலுக்கும் நல்லதாகப் போயிற்று. யாராவது அதை முன்னால் கொண்டுவரச் சொன்னால் கேட்காதீர்கள்.

தொடங்குமுன்

தாங்கியில் உள்ள பெற்றோலை மூடியுள்ள உலோகக் கானுக்கு மாற்றுங்கள். வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே கராஜ் குழிக்குள் இறங்கி இந்த வேலையைச் செய்யவே கூடாது. வெள்ளிக்கிழமை மாலையானால் இன்னும் கவனம்: வீட்டுக்காரர் சாம்பிராணித் தட்டோடு கராஜ் பக்கம் வராமல் முதலே சொல்லிவையுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பவுடர் வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

பற்றரியில் முதலில் கழற்ற வேண்டியது எர்த் வயர். 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பொசிட்டிவ் முனைதான் எர்த், அதனால் நிறத்தை நம்பாமல் வயர் பொடியில் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக் கழற்றுங்கள்.

சாமான்கள்

செம்பு பைப் வேண்டாம். வளைக்க லேசுதான், ஆனால் அதிர்வில் நாளடைவில் இறுகி வெடிக்கும். சாதாரண இரும்பு பைப்பைக் கடற்காற்று தின்றுவிடும். நிலாவெளிப் பக்கம் வீடு என்றால் சொல்லவே தேவையில்லை. என் தெரிவு குப்ரோ நிக்கல், செம்பும் நிக்கலும் கலந்தது. துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். பழைய பைப்பின் வெளி விட்டத்தை வேனியரால் அளந்து அதே அளவில் வாங்குங்கள். இந்த வகைக் கார்களில் 1/4 அங்குலமோ 5/16 அங்குலமோதான் பெரும்பாலும் இருக்கும்.

ரப்பர் ஓஸ் வாங்கும்போது அதன் மேல் அச்சிட்டிருப்பதை வாசியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்ற பெற்றோல் ஓஸ் தரக்குறி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். படகு இயந்திரக் கடைகளில் ஓஸ் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் இங்கே படகுகள் பெரும்பாலும் மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. எழுத்து ஒன்றுமில்லாத ஓஸைப் பெற்றோலுக்குப் போட வேண்டாம். அதே கடையில் ஸ்டெயின்லெஸ் கிளிப் மட்டும் தாராளமாக வாங்குங்கள், உப்புக்கு அதுதான் நிற்கும். பட்டியில் வெட்டுத் துளைகள் உள்ள கிளிப் ஓஸை அறுக்கும். விளிம்பு மடிந்த, துளையில்லாத பட்டிதான் நல்லது. பைப்பைப் பொடியில் பிடிக்க ரப்பர் போட்ட பி வடிவக் கிளிப் வேண்டும். இங்கே கிடைக்காவிட்டால் கொழும்புக்குப் போகும் யாரிடமாவது சொல்லிவிடுங்கள், பஞ்சிகாவத்தையில் இல்லாத சாமானா?

பைப் வெட்டும் கட்டரும் பைப் நுனியை விரிக்கும் பிளேரிங் செட்டும் வாங்கத் தேவையில்லை. ஏசி, பிரிட்ஜ் திருத்துபவர்களிடம் இருக்கும். ஒரு மாலைக்கு இரவல் கேட்டால் தருவார்கள்.

வழியைத் தீர்மானித்தல்

வேலையின் உயிர் இங்கேதான். காரை ஸ்டாண்டில் ஏற்றி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்) பழைய பைப்பைக் கழற்றாமல் படம் எடுங்கள். ஆனால் பழைய வழிதான் சரியான வழி என்று நினைக்க வேண்டாம். பல கைகள் மாறிய கார், எந்த மெக்கானிக் எந்த அவசரத்தில் எதைச் செய்தாரோ.

எக்ஸோஸ்ட் ஒரு பக்கம் போனால் பெற்றோல் பைப் மறுபக்கம் போகட்டும். இரண்டும் சந்தித்தே ஆக வேண்டுமென்றால் குறுக்கே வெட்டிக் கடக்க வேண்டும், சேர்ந்து ஓடக் கூடாது. நடுவில் மூன்று விரல் அகலமாவது இடைவெளி வேண்டும், கிடைக்காவிட்டால் தகட்டுக் கவசம். சஸியின் உள்பக்கம் ஒட்டிப் போகட்டும். சஸிக்குக் கீழே ஒரு மில்லிமீற்றர்கூட இறங்கக் கூடாது, வேகத்தடையில் முதலில் அடிபடுவது அதுதான். சுழலும் புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஹான்ட்பிரேக் கேபிள், ஸ்டார்ட்டருக்குப் போகும் தடித்த வயர் மூன்றையும் விட்டு விலகட்டும். வயரையும் பெற்றோல் பைப்பையும் ஒரே கிளிப்பில் கட்டுவதைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதறும். ஆட்கள் உட்காரும் பகுதிக்குள்ளால் பைப்பை எடுக்கவே வேண்டாம்.

மேடு பள்ளமாக அலையவிடக் கூடாது. ஆவி எப்போதும் மேட்டில்தான் சேரும். பின்னாலிருந்து நேராக வந்து, முன்னால் காபரேற்றருக்கு ஒரே ஏற்றமாக ஏறட்டும்.

எம்.ஜி.பி.யில் ஒரு சங்கடம் இருக்கிறது. காபரேற்றர்களும் எக்ஸோஸ்ட் மனிபோல்டும் இயந்திரத்தின் ஒரே பக்கத்தில், இடதுபுறத்தில், ஒன்றுக்குமேல் ஒன்றாக இருக்கின்றன. நடுவில் ஒரு தகட்டுக் கவசம் இருக்க வேண்டும். யாரோ எப்போதோ கழற்றித் திரும்பப் பூட்டாமல் விட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் முதலில் அதைத் தேடுங்கள். கடைசி ஓஸ் துண்டு மனிபோல்டுக்கு மேலால் வராமல், பின் சுவர்ப் பக்கமாக வந்து காபரேற்றரைத் தொடட்டும்.

வளைத்தல், வெட்டுதல்

பைப்பை நேரடியாக வளைக்க வேண்டாம். முதலில் ஒரு கட்டுக்கம்பியை வழி முழுக்க வளைத்து வைத்துப் பாருங்கள். கம்பி பொருந்தினால் அதைப் பார்த்துப் பைப்பை வளையுங்கள். கூர்மையான முழங்கை வளைவு வேண்டாம், பைப் நசுங்கும். பெரிய டோர்ச் பற்றரி ஒன்றைச் சுற்றி வளைத்தால் அளவாக வரும்.

வெட்டுவதற்கு ஹாக்ஸோ ஆகாது, உலோகத்தூள் உள்ளே போய், காபரேற்றரில் பெற்றோல் நிற்கும் மிதவை அறையின் ஊசிவாயில் (பெற்றோல் வரவைத் திறந்து மூடும் வாய்) குந்திவிடும். கட்டரை இறுக்கிச் சுற்றி, மறுபடி கொஞ்சம் இறுக்கிச் சுற்றி, பொறுமையாக வெட்டுங்கள். வாயின் உட்பிசிறைச் சுரண்டிவிட்டு, பைப் முழுவதையும் காற்றால் ஊதுங்கள்.

இனி அதிகம் பேர் விடும் வேலை. ஓஸ் ஏறும் நுனியில் ஒரு சிறிய புடைப்பு வேண்டும், மொட்டைப் பைப்பில் கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் ஓஸ் ஒருநாள் நழுவும். இரட்டைப் பிளேர் போடும் அச்சில் முதற்படியோடு நிறுத்தினால் நுனியைச் சுற்றி அழகாகப் புடைப்பு வரும். ஓஸை அதைத் தாண்டி 25 மில்லிமீற்றராவது ஏற்றி, கிளிப்பைப் புடைப்புக்குப் பின்னால் பூட்டுங்கள். ரப்பர் கிளிப்பின் இரு பக்கமும் லேசாகப் பிதுங்கினால் போதும். அதற்குமேல் இறுக்கினால் ஓஸ் வெட்டுப்படும்.

பொருத்துதல்

300 மில்லிமீற்றருக்கு ஒரு பி கிளிப் என்று பூட்டி வாருங்கள். ரப்பர் ஓஸ் மூன்று இடத்தில் மட்டும்: தாங்கிக்கும் பைப்புக்கும் நடுவில், பம்பின் இருபுறமும், பொடியிலிருந்து இயந்திரத்துக்குத் தாவும் இடத்தில். இயந்திரம் ரப்பர் மவுன்ட்டில் ஆடும், ஆகவே அந்தக் கடைசித் துண்டுக்குக் கொஞ்சம் தளர்வு விடுங்கள். கண்ணாடி பில்ற்றர் பார்க்க நன்றாக இருக்கும், உடைந்தால் கீழே சூடான மனிபோல்ட். உலோக பில்ற்றரை இயந்திரத்தை விட்டுத் தள்ளிப் போடுங்கள். மிதவை அறைகளின் மேலிருந்து வரும் வழிவுக் குழாய்களையும் மறக்க வேண்டாம். அவை எக்ஸோஸ்டைத் தாண்டிக் கீழே இறங்கி முடிய வேண்டும்.

பம்ப் பழுதென்று புதுக் கார்களின் இன்ஜெக்ஷன் பம்பைப் பூட்டுபவர்களும் உண்டு. எஸ்.யு. காபரேற்றருக்கு 3 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற அளவு) அழுத்தமே போதும். இன்ஜெக்ஷன் பம்ப் தரும் 40 பிஎஸ்ஐயில் ஊசிவாய் மூடாது, பெற்றோல் வழிந்து மனிபோல்டில் கொட்டும். காசு மிச்சமிருந்தால் பம்ப் வயரில் ஒரு இனேர்ஷியா சுவிட்சைச் சேர்த்துவிடுங்கள், மோதினால் பம்பை நிறுத்தும். எம்.ஜி.பி.கள் பெரும்பாலானவற்றில் அது இருக்காது, பழைய இரும்புக் கடைகளில் எடுக்கலாம்.

சோதனை

தாங்கியில் ஐந்து லீற்றர் ஊற்றி, இயந்திரத்தை இயக்காமல் சாவியை மட்டும் போடுங்கள். எஸ்.யு. பம்பின் நல்ல குணம், அது பேசும். முதலில் டக்டக்கென்று வேகமாக அடிக்கும், மிதவை அறைகள் நிரம்ப நிரம்ப மெதுவாகி நின்றுவிடும். நின்ற பிறகு எப்போதாவது ஒரு டக் கேட்டால் பரவாயில்லை. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுக்கு, அல்லது ஊசிவாய் மூடவில்லை. வேகமாக அடிக்கிறது, பெற்றோல் மட்டும் வரவில்லை என்றால் தாங்கிக்கும் பம்புக்கும் நடுவே காற்று இழுக்கிறது. இளநீர் ஸ்ட்ரோவில் ஓட்டை விழுந்த கதைதான், வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, உள்ளேயும் ஒன்றும் வராது. அந்தப் பக்கக் கிளிப்புகளைப் பாருங்கள்.

ஒவ்வொரு மூட்டையும் வெள்ளை டிஷ்யூவால் துடையுங்கள். கண்ணுக்குப் படாத ஈரம் அதில் தெரியும்.

பிறகு வெயில் உச்சியில் கன்னியா வரை, பொறுமை இருந்தால் கந்தளாய் வரை ஓட்டுங்கள். நிறுத்தி, பொனற்றைத் திறக்காமல் கால் மணி நேரம் விட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். உடனே பிடித்தால் வழி சரி. இருமினால் கடைசி ஓஸ் துண்டையும் பில்ற்றரையும் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாமல் சுடும் இடத்தில்தான் கவசம் தேவை.

முதல் வாரம் ஓடிய பிறகு கிளிப்புகளை ஒருமுறை பாருங்கள், புது ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும். மாரி தொடங்குமுன், ஐப்பசி வாக்கில், அடியில் படுத்து ஓஸ்களை வளைத்துப் பாருங்கள். மேலே மயிரிழை வெடிப்புத் தெரிந்தால் அந்தத் துண்டை மாற்றிவிடுங்கள்.