பழைய கார் வாங்குகிறீர்களா? எஞ்சினுக்கு முன்னால் புத்தகத்தைப் பாருங்கள்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய கார்களின் விலை ஏறத் தொடங்கியது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் வரியெல்லாம் சேர்ந்து வருகிற புது வண்டியின் விலை, வயலையும் கடலையும் நம்பி வாழ்கிற வன்னிச் சனத்துக்கு எட்டாது. அதனால் இருபது, முப்பது வருடம் ஓடிய சன்னி, கொரோலா, மாருதி என்று தேடிப் போகிறார்கள். அதில் பிழையில்லை. துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கத்து உள்ளூர்களில் சாமத்தில் ஒருவருக்கு நெஞ்சு நோவு வந்தால்தான் வீட்டு முற்றத்தில் ஒரு கார் நிற்பதன் அருமை தெரியும். பழைய கார் கொடுக்கிற காசுக்குப் பெறுமதியா என்று கேட்டால், ஓம், பெறுமதிதான். பார்த்து வாங்கினால்.

என் கராஜுக்கு வருகிற இளம் பிள்ளைகள், நாங்கள் அந்த வயதில் விட்ட அதே பிழைகளைத்தான் விட்டுக்கொண்டு வருகிறார்கள். டயரைப் பார், ஓட்டிப் பார், பிறேக்கைப் பார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

மினுக்கத்துக்கு மயங்குவது

விற்பதற்கு முன் பெயின்ற் அடித்த காரை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். துரு தின்ற தகட்டை வெட்டி ஒட்டாமல், மேலே பட்டி பூசி, தேய்த்து, பெயின்ற் அடித்தால் ஒரு மழைக்காலம் தாங்கும். அடுத்த வருடம் கொப்புளம் போடும். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். கதவின் அடிப்பக்கம், கதவுக்குக் கீழே ஓடும் தகடு, சில்லுக்கு மேல் வளைவு ஆகிய மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். நல்ல தகட்டில் காந்தம் ‘டக்’கென்று ஒட்டும். பட்டி தடிப்பாக இருந்தால் வழுகி விழும். பிறகு டிக்கியைத் திறந்து, ஸ்பெயார் சில்லைத் தூக்கி, அதன் அடித்தட்டைப் பாருங்கள். முல்லைத்தீவு, மன்னார்க் கரையோரத்தில் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்று முதலில் அங்கேதான் வேலை காட்டியிருக்கும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் இப்படித்தான் மினுங்கிக்கொண்டு வரும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவில் எத்தனை வாகனத்துக்குள் தண்ணீர் போனது என்பது எங்களுக்குத் தெரியும். சீற்றைக் கழுவலாம், கார்ப்பெற்றை மாற்றலாம். சீற் பெல்ற்றை முடிவு வரைக்கும் இழுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. இழுத்துப் பாருங்கள். கடைசி ஒரு முழத்தில் செம்மண் கோடு இருந்தால், பேசாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஓப்பன் பேப்பரில் வாங்குவது

இதைப் பற்றி எத்தனை பேருக்குச் சொன்னாலும் எனக்கு ஆறாது.

விற்பவர் உரிமை மாற்றப் படிவங்களில் கையெழுத்து வைத்து, அடையாள அட்டைக் கொப்பியோடும் வாகனப் பதிவுப் புத்தகத்தோடும் தந்துவிடுவார். வாங்குபவரின் பெயரும் திகதியும் எழுதுகிற இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். அதை நிரப்பிக் கொடுக்காமல் அப்படியே அலுமாரிக்குள் வைத்துவிட்டு ஓடுவதும், பிறகு அதே கடதாசிக் கட்டை அடுத்தவருக்குக் கொடுத்து விற்பதும்தான் ஓப்பன் பேப்பர். கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். கட்டணமும் அலைச்சலும் மிச்சம், திரும்ப விற்கும்போது புத்தகத்தில் ஓனர் எண்ணிக்கை கூடாது, இவை புறோக்கர் சொல்லும் நியாயங்கள். புறோக்கருக்கு அது நியாயம்தான். வண்டி அவர் கையில் ஒரு கிழமைதான் நிற்கப் போகிறது.

விசுவமடுப் பக்கத்துத் தம்பி ஒருவர் எஃப்பி 13 மொடல் நிசான் சன்னி ஒன்றை என்னிடம் காட்ட வந்தார். எஞ்சின் நல்லது, தகடும் நல்லது. புத்தகத்தைக் கேட்டேன்.

“அண்ணை, புத்தகம் கையில இருக்கு. ஓனர் சைன் வைச்சுத் தந்திட்டார். பிறகென்ன?”

“ஓனரைக் கண்டனீரோ?”

“இல்லை. அவர் கனடாவிலயாம். புறோக்கர்தான் தந்தவர்.”

வாங்க வேண்டாம் என்றேன். காசு கொடுத்தாயிற்று என்றார். நடுவில் இன்னும் இரண்டு பேர் பெயர் மாற்றாமலே ஓடி விற்றிருந்தார்கள். ஒரு மழை நாளில் பரந்தன் சந்திக்குக் கிட்ட ஒரு மோட்டார் சைக்கிளில் தட்டியது. பெரிய காயமில்லை, நல்ல காலம். ஆனால் பொலிசும் காப்புறுதிக்காரரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: வண்டி யாருடையது? அவசரமாகப் பெயர் மாற்றப் போனபோது, படிவத்தில் இருந்த கையெழுத்தும் அடையாள அட்டைக் கொப்பியில் இருந்ததும் ஒத்துவரவில்லை. கனடாவில் இருந்தவரின் தொலைபேசி இலக்கம் யாரிடமும் இல்லை. அந்தக் கார் இன்றைக்கும் ஒரு தரப்பாளுக்கு அடியில் நிற்கிறது. அந்தப் பிள்ளையின் தாய் நகை விற்றுக் கொடுத்த காசு அது. நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வெளிநாடு போனவரையாவது ஒருவேளை தேடிப் பிடிக்கலாம். கையெழுத்து வைத்தவர் இறந்துபோனால் அந்தக் கட்டுக்கு என்ன பெறுமதி? அவருடைய பிள்ளைகளிடமும் சட்டத்தரணியிடமும் அலைய வேண்டும்.

விற்பவருக்கும் இதில் ஆபத்து உண்டு. உங்கள் பெயரில் ஓடுகிற வண்டியில் யாரோ கள்ளமாக வெட்டிய முதிரைப் பலகை ஏற்றிப் பிடிபட்டால், நீதிமன்றக் கடிதம் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கள்ள மணல் ஏற்றுகிற உழவு இயந்திரம் என்றால் சொல்லவே தேவையில்லை.

கடதாசியின் பெறுமதியை வன்னிச் சனத்துக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009 இல் காணி உறுதி, பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிய சனம் நாங்கள். முள்ளிவாய்க்கால் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவந்த வாகனங்களைப் பிறகு தேடியபோது, புத்தகம் வைத்திருந்தவருக்கும் தொலைத்தவருக்கும் இருந்த வித்தியாசத்தையும் கண்டோம். அந்த வீட்டுப் பிள்ளைகளே லட்சக்கணக்கில் கொடுத்து, வேறொருவர் பெயரில் இருக்கும் காரை வாங்கி வருகிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சரி, என்ன செய்ய வேண்டும்? புத்தகத்தில் பெயர் உள்ளவரை நேரில் காணுங்கள். அவர் முன்னிலையில் அடையாள அட்டையின் மூலப்பிரதியைப் பாருங்கள். பொனற்றைத் திறந்து, வண்டியின் தகட்டில் பொறித்த செஸி இலக்கத்தை டோர்ச் அடித்து ஒவ்வொரு எழுத்தாகப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே வரியில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். சுற்றி அராவிய அடையாளம் இருக்கக் கூடாது. எஞ்சின் இலக்கத்தையும் பாருங்கள். எங்கள் பக்கத்தில் எஞ்சின் மாற்றிப் போட்டுவிட்டுப் புத்தகத்தில் பதியாமல் ஓடுகிற வண்டிகள் ஏராளம். புத்தகத்தில் லீசிங் கொம்பனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மூலப்புத்தகம் இல்லை, கொப்பிதான் உண்டு என்று சொன்னால் பெரும்பாலும் புத்தகம் அடகில் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பெயர் மாற்றத்தை எங்கே, எந்தப் படிவங்களோடு கொடுப்பது என்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) மோட்டார் போக்குவரத்துப் பிரிவில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். படிவம் கொடுக்கிற அன்றைக்கு விற்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மீதிக் காசை அன்றைக்குக் கொடுங்கள். இதற்குச் சம்மதிக்காதவரின் கார் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

மீற்றரை நம்புவது

எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று அது காட்டுவதை நம்பாதீர்கள். பிறேக் மிதியின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

சூடான எஞ்சினைப் பார்ப்பது

நீங்கள் போகும்போதே வண்டி ஸ்டார்ட்டில் நின்றால், திரும்பி வந்து, எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க அடுத்த நாள் விடியப் போங்கள்.

இரவில் பார்ப்பது

வேண்டாம்.

போத்தல் மருந்து

நீலப் புகை கக்குகிற எஞ்சினுக்கு, புகையை நிறுத்தும் என்று சொல்லித் தடித்த திரவம் ஒன்றைப் போத்தலில் விற்கிறார்கள். அதை ஊற்றிச் சில கிழமை மறைத்துத்தான் பல கார்கள் விலைப்படுகின்றன. வாங்கியவரும் பிறகு மாதா மாதம் அதையே ஊற்றுகிறார். தேய்ந்த பிஸ்டன் ரிங்ஸுக்கு அது மருந்தல்ல. மூன்று நேரமும் ஒழுங்காகச் சாப்பிடாத பிள்ளை ஜிம்முக்குப் போய் புரோட்டின் பவுடர் டின் வாங்குவதைப் போன்ற செலவு. அந்தக் காசைச் சேர்த்து வைத்து எஞ்சினை இறக்கித் திருத்துங்கள்.

ஆசைக்கு மொறிஸ் வாங்குவது

அப்பா ஓடிய மொறிஸ் மைனர், தாத்தாவின் ஒஸ்ரின் என்று தேடுகிறவர்களின் ஆசையை நான் மதிக்கிறேன். எங்கள் சனத்தைக் காயக்காரரோடும் கர்ப்பிணிகளோடும் சுமந்த வண்டிகள் அவை. ஆனால் யுத்த நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின்கள் என்பதை மறக்கக் கூடாது. முழுதாக எரியாத மண்ணெண்ணெய் ரிங்ஸைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். பெயரிங் தேயும். அப்படித் தேய்ந்து, சிலிண்டரைத் திரும்பத் திரும்பக் குடைந்து அகலமாக்கி (அதுதான் போர் பண்ணுவது), இனி வெட்ட இடமில்லாமல் உள்ளே புதுக் குழாயாக சிலீவ் போட்ட எஞ்சின்கள் நிறைய உண்டு. கடைசியாக எந்த அளவுக்குப் போர் பண்ணியது, பிஸ்டன் எங்கே எடுத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள்.

கையிலுள்ள முழுக்காசையும் கொடுப்பது

நூறு ரூபா இருந்தால் எண்பது ரூபாவுக்கு வண்டி பாருங்கள். மீதி முதல் மாதத்துக்கு. ஒயிலும் பில்டரும் உடனே மாற்ற வேண்டும். ரைமிங் பெல்ற் உள்ள எஞ்சினில் அதை எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு புதிது போடுங்கள். அப்புறம் றேடியேற்றர். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சவரானது. அதையே ஊற்றி ஓடிய றேடியேற்றருக்குள் கேத்திலில் படிவது போல வெள்ளைக்கல் படிந்து குழாய்களை அடைத்திருக்கும். ஊருக்குள் ஓடும்போது தெரியாது. சித்திரை வெயிலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு மாங்குளம் தாண்டும்போது ஹீற் ஊசி மேலே ஏறும், ஹெட் காஸ்கெற் போகும். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். வாயில் வெள்ளைப் படிவோ துரு நிறத் தண்ணீரோ இருந்தால், கழற்றிக் கொண்டுபோய் உட்குழாய்களைத் துப்புரவாக்கி, இனிமேல் கூலண்ட் மட்டும் ஊற்றுங்கள்.