பழைய ஹெட்டை வைத்தே ரோலர் கேம் மாட்டுவது

ரோலர் கேம் (உருளை பொருத்திய லிஃப்டர்களைத் தள்ளி வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட ஹெட்டையே (சிலிண்டருக்கு மேலே வால்வுகள் இருக்கும் பகுதி) மாற்ற வேண்டும் என்று பலர் சொல்வார்கள், கேம் கீழே இருந்து புஷ்ராடு என்ற கம்பி வழியாக வால்வைத் திறக்கும் எஞ்சினில் அது அவசியமில்லை. ஆனால் கேமை வாங்கும் முன்பே ஹெட்டை அளந்துவிடுங்கள். வால்வு முழுதாகத் திறந்த நிலையில் ரீடெய்னருக்கும் (ஸ்பிரிங்கைப் பிடிக்கும் மேல் தட்டு) வால்வு தண்டின் எண்ணெய் சீலுக்கும் நடுவே குறைந்தது 1.3 மி.மீ., ஸ்பிரிங் முழுதாக நசுங்குவதற்கு முன் சுமார் 1.5 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும், இந்த இரண்டும்தான் எவ்வளவு லிஃப்ட் (வால்வு திறக்கும் தூரம்) உள்ள கேமைத் தாங்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

பழைய ஸ்பிரிங்கை அப்படியே விடாதீர்கள். ரோலர் லிஃப்டர் (கேம் மேல் உருண்டு புஷ்ராடைத் தள்ளும் பகுதி) கனமானது, கேம் முனையும் வேகமாக ஏறி இறங்கும், ஸ்பிரிங் தளர்வாக இருந்தால் அதிக வேகத்தில் லிஃப்டர் கேமை விட்டு எம்பும். கேம் தயாரிப்பாளர் சொல்லும் ஸ்பிரிங்கையே போடுங்கள்.

ரோலர் லிஃப்டர் பெரும்பாலும் உயரம் கூடியது என்பதால் புஷ்ராடு குட்டையாக வேண்டும். நீளத்தை ஊகிக்காதீர்கள், நீளம் மாற்றக்கூடிய அளவு ராடு வைத்து, ராக்கர் (புஷ்ராடு தள்ளும்போது வால்வை அமுக்கும் கை) பதியும் தடம் வால்வு தண்டின் நடுவே விழுகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், கேம் முன்னும் பின்னும் நகராமல் இருக்கத் தடுப்புத் தகடோ பட்டனோ கட்டாயம். ஸ்டீல் கேம் என்றால் கேம் சுழற்றும் டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரம் பகிர்வது) கியரும் அதற்குப் பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் பல் தேய்ந்து எண்ணெய் முழுக்க இரும்புத்தூள்தான்.

கடைசியாக மூடுவதற்கு முன் பிஸ்டன் தலையில் களிமண் வைத்து, ஹெட்டைத் தற்காலிகமாக மாட்டி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, ஹெட்டைக் கழற்றி, வால்வு பதிந்த இடத்தில் மிஞ்சிய களிமண்ணின் தடிமனை அளந்து பாருங்கள்: இன்டேக்கில் குறைந்தது 2 மி.மீ., எக்ஸாஸ்டில் குறைந்தது 2.5 மி.மீ. இருந்தால் சரி.