பாடத்துக்குப் பாடம் வாசிப்பு மாறும்: பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

சனிக்கிழமை காலையில் எங்கள் புளோக்குப் பிள்ளைகள் நான்கைந்து பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லாரும் தொடக்கநிலை 4, 5. கதைப் புத்தகத்தைக் கடகடவென்று வாசிப்பார்கள். அறிவியல் விடையை எழுதச் சொன்னால் பேனா நின்றுவிடும். கதையை வாசிப்பது மாதிரியே அறிவியலையும் கணக்கையும் வாசிப்பதுதான் சிக்கல். வீட்டிலேயே இதைச் சரிசெய்யலாம். அதற்குப் பெற்றோர் ஆசிரியராக இருக்க வேண்டியதில்லை.

படி 1: ஒரே ஒரு பக்கம்

முழுப் பாடத்தையும் எடுக்காதீர்கள். ஒரு பக்கம் போதும். வாசிக்கும் முன் தலைப்பு, படம், தடித்த எழுத்தில் உள்ள சொற்கள், இவற்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தாளை மூன்றாக மடித்து ‘தெரிந்தது’, ‘தெரிய வேண்டியது’, ‘தெரிந்துகொண்டது’ என்று தலைப்பிடுங்கள். முதல் இரண்டையும் இப்போதே நிரப்பட்டும். மூன்றாவது, வாசித்து முடித்த பிறகு. அமெரிக்கக் கல்வியாளர் டோனா ஓகிள் 1986இல் எழுதிய முறை இது. இன்றும் நன்றாகக் கைகொடுக்கிறது.

படி 2: நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்

இதை மட்டும் தவிர்த்துவிடாதீர்கள். நன்றாக வாசிப்பவர் நடுவில் நிற்பார், முந்தைய வரிக்குத் திரும்பிப் போவார், தனக்குள் கேள்வி கேட்பார். பிள்ளையின் கண்ணுக்கு இதெல்லாம் தெரிவதில்லை. சீக்கிரம் முடிப்பதுதான் திறமை என்று அது நினைத்துக்கொண்டிருக்கும். அதனால் உங்கள் மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “கன்டென்சேஷனா? இந்தச் சொல் புதிதாக இருக்கிறதே. அடுத்த வரியில் விளக்கம் இருக்கிறதா பார்ப்போம். ஓ, நீராவி நீராக மாறுவது. அப்படியென்றால் வெப்பம் உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா?” நான்கு வரிக்கு இப்படிச் செய்தால் போதும். ஐந்தாவது வரியைப் பிள்ளையிடம் விடுங்கள்.

படி 3: அந்தந்தப் பாடத்தின் கேள்வி

அறிவியலில் கேட்க வேண்டியது ‘எதனால் எது நடந்தது?’ ஐஸ் மைலோ கிளாஸை மேசையில் வையுங்கள். சற்று நேரத்தில் வெளிப்பக்கம் துளித்துளியாக ஈரமாகும். என்னிடம் வரும் ஒரு பையன், “கிளாஸ் ஒழுகுது” என்றான். சரி, ஒழுகினால் துளி பழுப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று கேட்டேன். விரலால் தொட்டுப் பார்த்தான், வெறும் தண்ணீர். அப்புறம் மூன்று கேள்விகள்: நீராவி எங்கே இருந்தது? எதைத் தொட்டது? வெப்பத்தை என்ன செய்தது?

கணக்கில் ‘எது எதைவிட?’ என்று கேட்கச் சொல்லுங்கள். “மீனாவிடம் ரவியைவிட 12 ஸ்டிக்கர் அதிகம். மீனாவிடம் 30 இருந்தால் ரவியிடம் எத்தனை?” ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் பல பிள்ளைகள் கூட்டி 42 என்று எழுதிவிடுவார்கள். பள்ளியில் பழகிய பட்டை மாதிரியை, அதாவது ஒவ்வொருவரிடமும் உள்ள எண்ணிக்கையை ஒரு நீளப் பட்டையாகக் காட்டும் படத்தை, வரையச் சொல்லுங்கள். மீனாவின் பட்டை நீளமாக இருப்பது கண்ணில் பட்டதும் கை தானாகக் கழிக்கும்: 18.

உயர்நிலையில் வரலாறு படிக்கும் அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால், அவர்கள் கேட்க வேண்டியது ‘யார் சொல்கிறார், எப்போது, யாருக்காக?’ 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது, பெயரும் சியோனான் ஆனது. அந்த ஆட்சி வெளியிட்ட சுவரொட்டியில் மக்கள் சிரித்துக்கொண்டிருந்தால், அதை மட்டும் வைத்து எல்லாரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று எழுத முடியாது.

படி 4: முதலில் வாயால், பிறகு பேனாவால்

பாடம் ஆங்கிலத்தில் இருக்கிறது, நமக்கு அந்தளவு வராது என்று தயங்கும் அம்மா அப்பாவுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: உங்கள் தமிழ் இங்கே பெரிய உதவி. மைலோ விடையைப் பிள்ளை முதலில் தமிழில் சொல்லட்டும். “சுற்றியிருக்கும் காற்றில் உள்ள நீராவி, கிளாஸின் குளிர்ந்த வெளிப்பக்கத்தைத் தொட்டது. வெப்பத்தை இழந்தது. நீர்த்துளியாக மாறியது.” ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு விரலை மடக்கட்டும். அந்த மூன்றையும் அதே வரிசையில் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். சொல்ல வேண்டிய விஷயம் மனத்தில் தெளிவாகிவிட்டதால், ஆங்கிலச் சொல்லைத் தேடும் வேலை மட்டுமே மிச்சம். அதற்குத்தான் பாடப்புத்தகம் பக்கத்திலேயே இருக்கிறதே.

வாரத்தில் இரண்டு நாள், 20 நிமிடம் ஒதுக்கினால் போதும். முதல் சில வாரம் கேள்விகளை நீங்கள் கேளுங்கள், பிறகு பிள்ளை கேட்கட்டும். எழுத்துப்பிழையை அன்றைக்கே சிவப்பு மையில் சுழிக்காதீர்கள். அதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.