கடல் மீன் தொட்டியில் மீன்கள் திடீரென்று செத்தால் காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

நேற்று இரவு ஆசையாகத் தீனி தின்ற மீன், காலையில் மணலில் கிடக்கிறது. உடம்பில் காயம் இல்லை. தண்ணீரும் தெளிவாகத்தான் இருக்கிறது. இந்தப் பதற்றத்தில் பலர் முதலில் செய்வது, கைக்குக் கிடைத்த மருந்தைத் தொட்டியில் ஊற்றுவது. அடுத்தது, பாதித் தண்ணீரை மாற்றுவது. இரண்டையும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். தடயத்தை நாமே கழுவி விட்டுவிடுவதால்தான் பல சாவுகளுக்குக் கடைசி வரை காரணம் தெரியாமல் போகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்த மீனைவிட, தொட்டியில் இன்னும் உயிரோடு இருப்பவைதான் நமக்கு அதிகம் சொல்லும். கீழே உள்ள படிகளை இந்த எண்ணத்தோடு படியுங்கள்.

படி 1: காற்றைக் கொடுங்கள், தண்ணீரை எடுத்து வையுங்கள்

காரணம் எதுவாக இருந்தாலும், மிச்சமுள்ள மீன்களுக்கு ஆக்ஸிஜன் கூடினால் கெடுதல் இல்லை. வேவ்மேக்கரின் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) வாயை மேல்நோக்கித் திருப்பி, தண்ணீரின் மேற்பரப்பு நன்றாக அலையும்படி செய்யுங்கள். ஏர் பம்ப் இருந்தால் ஏர் ஸ்டோனைப் போடுங்கள்.

ஆனால் இதற்காகக்கூடத் தொட்டிக்குள் கையை விடுமுன் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஹீட்டரின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தால் தண்ணீரில் மின்சாரம் கசியும். உப்புத் தண்ணீர் அதை நன்றாகவே கடத்தும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஹீட்டர் தண்ணீரிலேயே ஆறும் வரை கால் மணி நேரம் பொறுத்து, வெளியே எடுத்து, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள்; சூடாக இருக்கும்போதே எடுத்தால் கண்ணாடி வெடிக்கலாம்.

பிறகு சுத்தமான பாட்டிலில் அரை லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்து மூடி வையுங்கள். தண்ணீர் மாற்றுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். செத்த மீனை எடுத்து ஒரு வெள்ளைத் தட்டில் வையுங்கள், தூக்கி எறிய வேண்டாம்.

படி 2: யார் செத்தது, யார் பிழைத்தது?

ஒரு தாளை எடுத்து, தொட்டியில் இருந்த ஒவ்வொரு உயிரையும் எழுதுங்கள். மீன், இறால், நத்தை, துறவி நண்டு, பவளம் என எதையும் விடாதீர்கள். எது எப்போது செத்தது, எது மூச்சு வாங்குகிறது, எது வழக்கம்போல் இருக்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். ஒரு மீன் காணவில்லை என்றால் உடனே செத்த கணக்கில் சேர்க்காதீர்கள். ராஸ் வகை மீன்களில் பல மணலுக்குள் புதைந்து தூங்கும். தொட்டிக்குப் பின்புறத் தரையையும் பாருங்கள், இவை குதிக்கவும் செய்யும்.

இந்தத் தாளை வைத்தே பாதி விடை கிடைத்துவிடும்.

மீன்கள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகின்றன, இறாலும் நத்தையும் பவளமும் நன்றாக இருக்கின்றன என்றால், சந்தேகம் முதலில் ஒட்டுண்ணி மீது விழ வேண்டும். மீனைப் பிடிக்கும் இந்த ஒட்டுண்ணிகள் இறாலை ஒன்றும் செய்வதில்லை. கடந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் புது மீன் வந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இறாலும் நத்தையும் முதலில் சாய்ந்தன, அல்லது மீன்களோடு சேர்ந்தே சாய்ந்தன என்றால், விஷமோ உப்பின் அளவில் திடீர் மாற்றமோ நடந்திருக்கலாம். செம்பு கலந்தால் மீன் தாங்கும் அளவிலேயே இறால் செத்துவிடும். பூச்சிக்கொல்லி ஸ்ப்ரே மீனையும் இறாலையும் சேர்த்தே கொல்லும்.

இரவில் எல்லாம் சரி, விடியும்போது பெரிய மீன்கள் மட்டும் செத்திருக்கின்றன, சிறியவை மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன என்றால் ஆக்ஸிஜன் பற்றாக்குறை. 25 டிகிரி செல்சியஸில் நன்னீர் ஒரு லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்ஸிஜனைப் பிடித்து வைக்கும். கடல் நீர் 7-ஐக்கூடத் தொடாது. சூடு ஏற ஏற அதுவும் குறையும். இரவில் பாசியும் ஆக்ஸிஜனை உறிஞ்சும். கடல் தொட்டியில் மோட்டார் நின்றால் ஆபத்து சீக்கிரம் வருவது இதனால்தான்.

ஒரே ஒரு மீன் மட்டும் செத்து, மற்றதெல்லாம் சுறுசுறுப்பாக இருந்தால், தொட்டி முழுக்கப் பரவிய பிரச்சினையாக இருக்க வாய்ப்பு குறைவு. மற்ற மீன் துரத்தி அடித்திருக்கலாம், பட்டினியாக இருக்கலாம், பிடிக்கப்பட்ட விதமாகவும் இருக்கலாம். சயனைடு தெளித்து மயக்கிப் பிடிக்கும் வழக்கம் தென்கிழக்காசியப் பவளப்பாறைகளில் பல பத்தாண்டுகளாக உண்டு. அப்படிப் பிடிபட்ட மீன், வீட்டுக்கு வந்து நன்றாகத் தின்றுகொண்டே இருந்துவிட்டு, சில வாரம் கழித்துக்கூடச் செத்துப்போகும். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

படி 3: செத்த மீனை உற்றுப் பாருங்கள்

இதை ஒரு மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். உடம்பு நிறம் மங்கிவிடும், ஒட்டுண்ணிகளும் விட்டுப் போய்விடும். மீன் சிதைந்து கிடந்தால் அதைக் காரணமாக எண்ணிவிடாதீர்கள்; துறவி நண்டும் முள் புழுவும் செத்த பிறகு தின்ற தடமாக இருக்கலாம்.

செவுள் மூடியை மெல்லத் தூக்குங்கள். ஆரோக்கியமான செவுள் நல்ல சிவப்பாக இருக்கும். வெளுத்தோ, வீங்கியோ, கொழகொழவென்று சளி படிந்தோ இருந்தால் மீன் மூச்சுத் திணறிச் செத்திருக்கலாம். பிறகு அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். பொன்னிறப் பொடி தூவியது போன்ற மெல்லிய படலம் தெரிந்தால் அது வெல்வெட் நோய். அமைலூடினியம் என்ற ஒட்டுண்ணியால் வருவது. செவுளை முதலில் பிடிப்பதால், உடம்பில் ஒரு புள்ளிகூடத் தெரியாமலே சில நாளில் தொட்டியையே காலி செய்துவிடும். காரணமே இல்லாத சாவு என்று சொல்லப்படுபவற்றில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான். சாவதற்கு முன் மீன் வெளிச்சத்தைத் தவிர்த்ததா, வேவ்மேக்கரின் நீரோட்டத்துக்குள் போய் நின்றதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இரண்டும் இந்த நோயின் அடையாளங்கள்.

தனித்தனியாக உப்புக்கல் அளவில் வெள்ளைப் புள்ளி என்றால் அது வெள்ளைப் புள்ளி நோய், கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணியால் வருவது. க்ளவுன் மீனின் தோல் உரிந்து சளியாகத் தொங்கினால் ப்ரூக்லினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி.

இன்னொரு சோதனை. ஒரு கிண்ணத்தில் நன்னீர் ஊற்றி, செத்த மீனை 5 நிமிடம் அதில் போட்டு வையுங்கள், அடியில் கறுப்புத் துணி விரித்து. தோலில் ஒட்டும் தட்டைப்புழுக்கள் கடல் நீரில் கண்ணுக்கே தெரியாத அளவு ஒளி ஊடுருவும் உடம்பு கொண்டவை. நன்னீர் பட்டதும் வெளுத்துப்போய், எள் அளவில் ஒவ்வொன்றாகக் கழன்று அடியில் விழும். ஒரு முறை பார்த்தால் போதும், மறக்க மாட்டீர்கள்.

படி 4: தண்ணீர்ச் சோதனை

எடுத்து வைத்த பாட்டில் தண்ணீரில் அம்மோனியா, பிஎச், உப்பு மூன்றையும் பாருங்கள். அம்மோனியா பூஜ்யமாக இருக்க வேண்டும். கடல் தொட்டியின் பிஎச் 8-க்கு மேல் இருப்பதால், அதே அளவு அம்மோனியாவில் விஷமாக மாறும் பங்கு, பிஎச் 7 உள்ள நன்னீர்த் தொட்டியில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல். தொட்டி வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் அதிகம் யோசிக்க வேண்டாம், இதையே முதலில் சந்தேகியுங்கள்.

உப்பின் ஒப்படர்த்தி 1.023 முதல் 1.026 வரை இருக்கலாம். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவத்தில் சரிபார்த்த பிறகே நம்புங்கள். முள் ஆடும் வகை ஹைட்ரோமீட்டரில் முள்ளில் காற்றுக்குமிழி ஒட்டினால் உப்பு அதிகமென்று பொய் சொல்லும். வெப்பநிலையைத் தொட்டியிலேயே இன்னொரு தெர்மாமீட்டரால் அளக்க வேண்டும். ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடப்பது. நைட்ரேட் கூடியிருந்தாலும் ஒரே இரவில் கொல்லாது, அதை விடுங்கள்.

டெஸ்ட் கிட் எல்லாம் சரி என்று காட்டினால் தண்ணீரில் குற்றமில்லை என்று முடிவு கட்ட முடியாது. ஸ்ப்ரேயையோ, வெல்வெட்டையோ, இரவில் குறைந்த ஆக்ஸிஜனையோ இந்தக் கிட் எதுவும் காட்டாது.

படி 5: கடைசி இரண்டு நாளில் என்ன மாறியது?

வீட்டில் எல்லோரையும் கேளுங்கள். கொசு மருந்து, பெயின்ட், ஏர் ஃப்ரெஷ்னர் எதுவும் அந்த அறையில் அடித்தார்களா? க்ரீம் பூசிய கையைத் தொட்டியில் விட்டார்களா? ஆழமான மணலைக் கிளறினீர்களா, அழுகிய முட்டை நாற்றம் வந்ததா? (அது ஹைட்ரஜன் சல்பைடு.) கரன்ட் போய் வந்ததா? மணிக்கணக்கில் நின்ற கேனிஸ்டர் ஃபில்டர் (தொட்டிக்கு வெளியே இருக்கும் மூடிய வடிகட்டி) உள்ளே அழுகியிருக்கும். அப்படியே ஓடவிட்டால் அந்த அழுக்கு முழுவதும் தொட்டிக்குள் வரும். குழாய்த் தண்ணீரைக் குளோரின் நீக்காமல் ஊற்றியிருந்தால் அதுவே போதும்.

படி 6: காரணத்துக்கு ஏற்ற நடவடிக்கை

ஆக்ஸிஜன் குறைவு என்றால் படி 1-ல் செய்ததே வைத்தியம், தொட்டி சூடாக இருந்தால் மெதுவாகக் குறையுங்கள். அம்மோனியா என்றால் தீனியை நிறுத்தி, அதே உப்பும் அதே சூடும் உள்ள புதுத் தண்ணீரால் 30 முதல் 50 சதவீதம் மாற்றுங்கள். பாறைக்குப் பின்னால் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்றும் தேடுங்கள். விஷம் என்றால் தண்ணீர் மாற்றத்தோடு ஆக்டிவேட்டட் கார்பனும் போட வேண்டும்.

ஒட்டுண்ணிக்கு வழி நீளமானது. பிழைத்த மீன்கள் அனைத்தையும், நன்றாகத் தெரிபவை உட்பட, தனி மருத்துவத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். வெல்வெட்டுக்கும் வெள்ளைப் புள்ளிக்கும் அங்கே செம்பு மருந்து, பாட்டிலில் சொன்ன அளவில், செம்பு டெஸ்ட் கிட்டால் தினமும் அளந்து. ப்ரூக்லினெல்லாவுக்கும் தட்டைப்புழுவுக்கும் மருந்து வேறு. நோய் எது என்று தெரிந்த பிறகே வாங்குங்கள். பெரிய தொட்டியில் செம்பை ஊற்றவே கூடாது. பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும், இறாலும் நத்தையும் பவளமும் சாகும்.

ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி சாகும் வரை பெரிய தொட்டி மீனே இல்லாமல் ஓடட்டும். வெல்வெட் என்றால் குறைந்தது 6 வாரம். கிரிப்டோகாரியனுக்கு 76 நாள் என்பது கடல் மீன் வளர்ப்பவர்களிடையே இருக்கும் கணக்கு. இறாலுக்கும் நண்டுக்கும் வழக்கம்போல் தீனி போடலாம். இடையில் மீன் உள்ள வேறு தொட்டியிலிருந்து ஒரு பவளமோ நத்தையோ வாங்கிப் போட்டுவிட்டால், ஒட்டுண்ணியின் கூடு அதில் ஒட்டி வந்திருக்கக்கூடும். அன்றைய தேதியிலிருந்து கணக்கை மறுபடி தொடங்குங்கள்.